தொண்டைக் கரகரப்பும் ஒரு மலைச் சுனையும்

திருமுல்லைவாயிலில் நான் ஏறிய அதிகபட்ச உயரம் ரயில் நிலையத்து நடைமேம்பாலம்தான். அதிலும் நடுவில் நின்று, கீழே போகும் மின்சார ரயிலை ரசிப்பதுபோல் பாவனை செய்து மூச்சு வாங்கிக்கொள்வேன். அப்பேர்ப்பட்ட என்னை நேபாளத்து மலைக் கிராமம் ஒன்றில் "தண்ணீர் விஞ்ஞானி வந்துவிட்டார்" என்று சாமந்தி மாலை போட்டு வரவேற்றார்கள். மாலைக்குக் குனிந்தவன் நிமிரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பணிவு என்று நினைத்துக்கொண்டார்கள்.

நான் விஞ்ஞானி இல்லை. மண்ணூர்பேட்டையில் ஒரு சின்னப் பரிசோதனைக்கூடத்தில் கேன் தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, பார்த்துச் சொல்கிறவன். என் புகழ் வேறு வழியில் பரவியது. எங்கள் அடுக்குமாடியில் ஒரு வீட்டுக் கூரையில் தண்ணீர் ஒழுகியது. தன் பாத்ரூமிலிருந்து இல்லவே இல்லை என்று மேல் வீட்டுக்காரர் பைபிள்மேல் கை வைக்காத குறையாகச் சொன்னார். துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து அந்தப் பாத்ரூமில் ஊற்றினேன். மறுநாள் கீழ் வீட்டுக் கூரை நீலமாகக் கசிந்தது. அன்றிலிருந்து மேல் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதில்லை. சொந்தக்காரர்கள் மட்டும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

அந்தப் பேச்சு என் மனைவி ஸ்டெல்லாவின் சித்தி மகள்வரை போய்விட்டது. அவள் கன்னியாஸ்திரி, நேபாளத்தில் மலை மலையாக நடந்து மருந்து கொடுக்கிறவள். ஒருநாள் போனில் கூப்பிட்டாள். "மாமா, நீலம் போட்டுக் கண்டுபிடிச்சீங்களே, அதே மாதிரி இங்க ஒரு சுனைக்கு எங்கருந்து தண்ணி வருதுன்னு பாத்துச் சொல்லணும்" என்றாள். வருகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஸ்டெல்லா அதற்குள் பெட்டியை இறக்கிவிட்டாள்.

விஷயம் இதுதான். அந்த ஊருக்கு ஒரே சுனை. ஊரின் ஓடையும் அதிலிருந்துதான் கிளம்புகிறது. சுனைக்கு மேலே இரண்டு இடங்களில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிறது. கிழக்கே எருமைகள் படுத்துக் கிடக்கும் ஒரு குளம். மேற்கே காட்டுச் சரிவில் ஒரு சிறு ஓடை பாறை இடுக்கில் புகுந்து காணாமல் போகும் இடம். இப்போது ஊருக்குச் சாலை போடப் போகிறார்கள். அது குளத்துப் பக்கமாக வரலாம், அல்லது காட்டுப் பக்கமாக வரலாம். சுனைக்குத் தண்ணீர் அனுப்பும் பக்கத்தைத் தெரியாமல் வெட்டிவிட்டால் சுனை வற்றிவிடும். மலையும் ஓர் அடுக்குமாடிதானே, மேல் வீடு இரண்டு, கீழ் வீடு ஒன்று என்று எனக்குத் தோன்றியது. இந்த ஞானத்தோடு விமானம் ஏறினேன்.

மச்சினி வேறொரு மலையில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்; மலையடிவாரத்துச் சந்தையில் அவள் ஏற்பாடு செய்த மொழிபெயர்ப்பாளராக பிரேம் என்ற உள்ளூர்க்காரர் காத்திருந்தார். நான் இந்தியில் தடுமாறி வணக்கம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா சார், நீதான் திருமுல்லவாயல் சாரா? வா, மொதல்ல துன்னலாம்" என்றார். நெமிலிச்சேரியில் வாட்ச்மேனாக இருந்து, பிறகு ஆவடியில் தள்ளுவண்டியில் நூடுல்ஸ் போட்டு, ஊருக்குத் திரும்பியவராம். பத்துப் பதினைந்து மலை தாண்டி வந்து ஆவடி பாஷையைக் கேட்டதில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் வாங்கிக் கொடுத்த மோமோவின் மிளகாய்ச் சட்டினியும் ஒரு காரணம்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோவில் போய் வருகிறவனுக்கு நெரிசல் புதிதில்லை. ஆனால் அந்த ஜீப்பில் ஆடுகளும் டிக்கெட் எடுத்திருந்தன. என் மடியில் ஒரு குட்டியை வைத்தார்கள். அதற்கும் என்னைப் போலவே வாந்தி வருகிற முகம். பாதி வழியில் சேற்றில் சக்கரம் மாட்டிக்கொள்ள, எல்லோரும் இறங்கித் தள்ளினோம். நான் தள்ளிய இடத்தில் சக்கரம் சுற்றி, இடுப்பிலிருந்து மூக்குவரை சேறு. எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்த்து ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்ன என்று பிரேமைக் கேட்டேன். "இந்தத் தொப்பைய மேல ஏத்த தனியா ஒரு ஆளு ஓணும்ங்குறாங்க" என்றார். மொழிபெயர்ப்பில் எதையும் குறைக்காத நேர்மையான மனிதர்.

ஜீப் நின்ற இடத்துக்கு மேல் சாலை கிடையாது. அரை நாள் ஏற்றம். நான் நின்ற இடங்களிலெல்லாம் பிரேம் ஒரு பீடி குடித்தார். ஊர் வருவதற்குள் கட்டு தீர்ந்துவிட்டது.

எனக்குத் தங்க இடம் கொடுத்தவள் சுன்மாயா. குளத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் அவள் வீடு. நாற்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு. அவள் கணவர் மாட்டுக்குத் தழை ஒடிக்க மரத்தில் ஏறி விழுந்து இடுப்பு போனவர். அன்றிலிருந்து நடக்க முடியாது. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சுன்மாயா அவரை மூங்கில் கூடையில் உட்காரவைத்து, கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு, நான் வெறும் ஆளாக ஏறத் திணறிய அந்த வழியில் ஜீப் நிற்கும் இடம்வரை இறங்குவாள். திரும்பி வரும்போது அதே சுமையோடு ஏறுவாள். சாலை குளத்துப் பக்கமாக வந்தால் ஜீப் அவள் வாசலிலேயே நிற்கும். காட்டுப் பக்கமாகப் போனால் கூடைதான். இதையெல்லாம் பிரேம்தான் சொன்னார். அவள் என்னிடம் சாலையைப் பற்றி வாயே திறக்கவில்லை, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று மட்டும்தான் கேட்டாள்.

சோறு என்றால் சோறு. காலையில் சோறும் பருப்பும், மாலையில் பருப்பும் சோறும். கூடவே குந்துருக் என்று புளிக்கவைத்துக் காயப்போட்ட ஒரு கீரை. ஸ்டெல்லா கொடுத்தனுப்பிய இட்லிப் பொடியை முதல் நாள் சோற்றில் தூவிக்கொண்டேன். சுன்மாயாவின் கணவர் கையை நீட்டினார். அவர் நாக்கில் வைத்துப் பார்த்த நொடியோடு பொடி டப்பா என் கையை விட்டுப் போனது. அதற்குப் பிறகு நான் என் பொடியை அவரிடம் கேட்டு வாங்கித்தான் சாப்பிட்டேன்.

குடிக்கிற தண்ணீரில் நீலம் போட முடியாது. அதற்குப் பதில் உப்பு. மேலே தண்ணீர் உள்ளே இறங்கும் இடத்தில் உப்பைக் கரைத்து ஊற்ற வேண்டும். கீழே சுனைத் தொட்டியில் டிடிஎஸ் கருவியைத் தொங்கவிட வேண்டும். எண் ஏறினால் அங்கிருந்து சுனைக்கு நிலத்தடியில் வழி உண்டு என்று அர்த்தம். அந்தச் சுனைத் தண்ணீரை முதன்முதலில் அளந்தபோது கருவி கெட்டுவிட்டதென்றே நினைத்தேன். எங்கள் தெருப் போர் தண்ணீரில் நாலு இலக்கத்தைப் பார்த்துப் பழகியவனுக்கு அவ்வளவு சின்ன எண் கண்ணில் தங்கவில்லை. தண்ணீர் அப்படித் தெளிவாக இருந்ததால் துளி உப்பு விழுந்தாலும் கருவி காட்டிக் கொடுத்துவிடும். நல்லதுதானே என்று அப்போது நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்த உப்பு மொத்தத்தையும் வாங்கிக் குளத்து மூலையில் கரைத்து ஊற்றினோம். அது நல்லபடியாக நடந்தது. குளிர்தான் தொண்டையைப் பிடித்துக்கொண்டது.

அந்த ஊரில் போன் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில், சுனைக்கு மேலே உள்ள தட்டைப் பாறையில். அங்கே உட்கார்ந்து ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும், "ஏங்க, உப்புப் போட்டு வெந்நீர்ல கொப்பளிங்க. நான் பாக்கணும்" என்று வீடியோவைப் போடச் சொல்லிவிட்டாள். சுன்மாயா காலையும் மாலையும் வெந்நீர் காய்ச்சி, ஒரு கை உப்பைப் போட்டுச் செம்பில் கொடுப்பாள். நான் பாறையில் உட்கார்ந்து, அண்ணாந்து, ஸ்டெல்லாவின் மேற்பார்வையில் கடகடவென்று கொப்பளிப்பேன். சுனையில் துப்பக் கூடாது என்கிற மரியாதை எனக்கும் உண்டு. பக்கத்துப் புல்லில்தான் துப்பினேன்.

உப்பு ஊற்றிய மறுநாள் காலை கொப்பளித்துவிட்டுக் கீழே இறங்கித் தொட்டிக் கருவியைப் பார்த்தேன். எட்டிய உச்ச எண்ணை அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். எண் எகிறியிருந்தது. நான் போட்ட கூச்சலில் எருமைகள் எழுந்து நின்றன. அந்த எண்ணை அழித்துவிட்டு மாலையில் பார்த்தால் இன்னொரு தரம் எகிறியிருந்தது. மறுநாளும் அதே மாதிரி. காட்டுச் சரிவில் ஏறி அங்கேயும் உப்பு ஊற்றிப் பார்த்திருக்க வேண்டும். ஒரு பக்கம்தான் கிடைத்துவிட்டதே, இன்னொரு பக்கம் எதற்கு என்று என் முழங்கால்கள் முடிவு செய்துவிட்டன.

ஊர் கூடியது. நான் எழுந்து நின்று, குளம்தான் சுனைக்குத் தாய் என்றேன். காலையிலும் மாலையிலும் எண் ஏறுகிறதே, ஏன் என்று சாலைக் குழுத் தலைவர் கேட்டார். நிலத்தடியில் இரண்டு பாதைகள் இருக்கின்றன, ஒன்று குறுக்கு வழி, இன்னொன்று சுற்று வழி என்று கையால் படம் போட்டுக் காட்டினேன். பிரேம் அதை இன்னும் அழகாக மொழிபெயர்த்திருக்க வேண்டும், எல்லோரும் தலையாட்டினார்கள். சாலை காட்டுப் பக்கம் என்று முடிவாயிற்று. கீழ் ஊரில் நின்ற பொக்லைனுக்கு ஆள் அனுப்பினார்கள்.

அன்று மாலை சுன்மாயா வழக்கம்போலச் சோறு போட்டாள். கணவருக்குத் தட்டை மடியில் வைத்துக் கொடுத்தாள். இடையில் ஒருமுறை எழுந்து போய், சுவரில் மாட்டியிருந்த கூடையின் பட்டையில் பிய்ந்திருந்த இடத்தைத் தைத்தாள். நான் தட்டைப் பாதியில் தள்ளிவைத்தேன். தொண்டை வலி என்று சொல்லிச் சமாளித்தேன். உடனே எழுந்து வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை மழைத் தூறல். பாறைப் படி வழுக்கியதால், ஏறி இறங்க வேண்டாமே என்று பிரேமைத் தொட்டியருகே நிறுத்தி எண்ணைப் பார்க்கச் சொல்லிவிட்டு மேலே போனேன். ஒரு வாய் கொப்பளித்துத் துப்பினேன். சற்று நேரத்தில் கீழிருந்து பிரேமின் குரல், "சார், ஏறுது!" அது இறங்கும்வரை பொறுத்து இன்னொரு வாய். "சார், மறுபடியும் ஏறிக்கினு கீது!" குரலில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மூன்றாம் வாயைத் துப்பாமல் கன்னம் உப்ப வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கீழே சத்தமே இல்லை. துப்பினேன். "ஏறுது சார்!"

புல்லை விலக்கிப் பார்த்தேன். மண் ஒரு விரல் ஆழம்கூட இல்லை. அதற்கடியில் பாறை நேரே சுனையைப் பார்த்துச் சரிந்திருந்தது.

குறுக்கு வழி, சுற்று வழி எல்லாம் என் வாயும் ஸ்டெல்லாவின் வீடியோவும்தான். அதைவிட என்னைக் குத்தியது வேறொன்று. அந்த உப்பைத் தினமும் தன் கையால் போட்டுக் கொடுத்தவள் சுன்மாயா. அவள் காய்ச்சிக் கொடுத்த வெந்நீரை வைத்தே அவள் வாசலுக்கு வரவேண்டிய சாலையை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். போனில் ஸ்டெல்லா, "என்னங்க, முகம் ஏன் அப்படிப் போச்சு?" என்றாள். சிக்னல் போய்விட்டது என்று சொல்லிப் போனை அணைத்தேன்.

பேசாமல் மலையிறங்கி ஓடிவிடலாமா என்று நினைத்தது உண்மை. ஆனால் இறங்க அரை நாள் ஆகும், அதற்குள் பிடித்துவிடுவார்கள். பொக்லைன் வேறு மறுநாள் வேலையைத் தொடங்கிவிடும். ஊரைக் கூட்டச் சொன்னேன். பிரேமிடம் ஒன்றையும் மழுப்பாமல் சொல்லு என்றேன். அவர் எதை மழுப்பினார்? அண்ணாந்து கொப்பளித்தே காட்டினார்.

ஒரு கிழவர் மெல்ல ஏதோ கேட்டார். "அப்போ இத்தினி நாளா நாங்க குட்ச்சது இந்தாளு துப்புனதான்னு கேக்குறாரு சார்" என்றார் பிரேம். ஆமாம் என்றேன். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. தலைவர் சிரித்துச் சிரித்து மூக்கைச் சிந்தினார். சுன்மாயா மட்டும் சிரிக்கவில்லை. அப்படியானால் குளத்திலிருந்து வரவில்லையா என்று கேட்டாள். தெரியாது, திரும்பப் பார்த்தால்தான் தெரியும் என்றேன். தலைவர் பொக்லைனை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினார்.

கடையில் உப்பு இல்லை. எல்லாவற்றையும்தான் நான் குளத்தில் கொட்டிவிட்டேனே. வீட்டுக்கு வீடு கேட்டோம். முதலில் தன் டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தவள் சுன்மாயா. எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒருவேளை குளத்திலிருந்துதான் தண்ணீர் வருகிறது என்றே மறுபடியும் தெரிந்தால் என்ன செய்வாள் என்று கேட்கச் சொன்னேன். அவள் கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொன்னாள். பிரேம் முதன்முறையாகச் சற்றுத் தயங்கித்தான் அதைத் தமிழில் சொன்னார்.

"'கொளத்துலருந்து வந்தா வருதுன்னே சொல்லச் சொல்லு. இத்தினி நாளா நான்தானே தூக்கிக்கினு போறேன், இன்னமும் தூக்குவேன். தண்ணி பூட்ச்சுன்னா இவர தூக்கிக்கினு எங்க போறது'ன்னு கேக்குது சார்."

அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தது சாப்பிட மட்டும்தான். சாலை தன் பக்கம் வரவேண்டும் என்று விரும்பிய காட்டுப் பக்கத்துக்காரர் ஒருவரையே கருவிக்குக் காவல் வைத்தோம். அவர் கருவியைவிட என்னைத்தான் அதிகம் காவல் காத்தார். நான் இருமினால்கூட ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டெல்லாவிடம் தொண்டை சரியாகிவிட்டது என்று கரகரத்த குரலில் பொய் சொன்னேன்.

குளத்தில் மீண்டும் உப்பு ஊற்றினோம். ஒரு பகல் போனது, ஓர் இரவு போனது, அடுத்த பகலும் போனது. எண் அசையவில்லை. குளத்துத் தண்ணீர் வேறு எங்கோ போகிறது. அந்த வீட்டுக் கூரை எது என்று கண்டுபிடிக்க அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்து காட்டுச் சரிவு. முன்பு தப்பித்த ஏற்றம் இப்போது வட்டியோடு வந்தது. பிரேம் முன்னால் இழுக்க, தலைவர் பின்னால் தள்ள, ஆவடி மார்க்கெட்டில் மூட்டை ஏற்றுவதுபோல் என்னை ஏற்றினார்கள். பாறை இடுக்கில் உப்பை ஊற்றிவிட்டு இறங்கி வந்து தொட்டியருகே உட்கார்ந்தேன். சுன்மாயாவும் மாட்டுக்குப் புல்லறுத்த கையோடு வந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

மதியத்துக்கு மேல் எண் ஒன்று கூடியது. அப்புறம் இன்னொன்று. என் துப்பல் மாதிரி குதிக்கவில்லை. நிதானமாக ஏறிக்கொண்டே போய், மாலைவரை மேலேயே நின்று, மெதுவாக இறங்கத் தொடங்கியது. மலை தன் வேலையை அவசரப்படாமல் செய்கிறது என்று புரிந்தது. காவலுக்கு இருந்தவர் எழுந்து, என் வாயை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு கருவியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். காட்டை வெட்டக் கூடாது, சாலை குளத்துப் பக்கம் என்று அவரே தலைவரிடம் போய்ச் சொன்னார். சுன்மாயா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாடு கத்துகிறது என்று எழுந்து போனாள். மாடு கத்தவில்லை. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இந்தமுறை மிளகாய்ச் சட்டினிமேல் பழி போட முடியாது.

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் முழுக் கதையையும் சொல்லவில்லை. வேலை நன்றாக முடிந்தது என்றேன். அதுவும் உண்மைதானே. சுன்மாயாவின் கணவருக்காக இட்லிப் பொடி மட்டும் அரைத்துத் தரச் சொன்னேன்.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பிரேம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். ஸ்டெல்லாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். செம்மண் சாலையில் ஜீப் ஒன்று ஊர்ந்து வந்து சுன்மாயாவின் வாசலில் நின்றது. இரண்டு பேர் அவள் கணவரைத் தூக்கி முன் சீட்டில் உட்காரவைத்தார்கள். அவர் கேமராவைப் பார்த்துக் கும்பிட்டார். சுன்மாயா கூடையை வாசலில் கவிழ்த்துவைத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டாள். வெறும் கையோடு அவள் அந்த வீட்டைவிட்டுக் கிளம்புவதை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். இட்லி அப்படியே கையில் இருந்தது.

ஜீப் போன பிறகு பிரேம் கேமராவோடு சுனைக்கு நடந்தார். தொட்டியில் தண்ணீர் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. மேலே, அந்தத் தட்டைப் பாறையில், புதிதாக ஒரு தகரப் பலகை நட்டிருந்தார்கள். அதில் பெரிய எழுத்தில் நேபாளியில் ஏதோ எழுதியிருந்தது. உங்கள் பேரை எழுதியிருக்கிறார்கள் போல என்று ஸ்டெல்லா பெருமையாக என்னைப் பார்த்தாள். எனக்கும் ஒரு கணம் அந்த ஆசை வந்தது. பிரேம் படித்துச் சொன்னார்.

"'இங்க யாரும் வாய் கொப்பளிக்கக் கூடாது'ன்னு போட்டுக்கீது சார்."

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் கதை முழுவதையும் சொன்னேன். அவள் சாயங்காலம்வரை சிரித்தாள். எனக்கு அன்று லேசாகத் தொண்டை கட்டியிருந்தது, வெந்நீர் கேட்கவில்லை.